சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்துமூன்று டன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மதியம் சாப்பிடுவதற்காகப் போக வர இருபத்தைந்து நிமிடம் நடந்தேன். பன்னிரண்டு வருடமாக இருபது அடியில் முடிந்த வேலை. நீராவி மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு பின்கதவைத் தள்ளினால் பாய்லர் கொட்டகை. அங்கே பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு இரண்டு தட்டையும் எடுத்து வைத்திருப்பார். இப்போது பின்கதவு இல்லை, சுவர்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசி, சனிக்கிழமை வெள்ளையடித்து, ஞாயிற்றுக்கிழமை அதில் பெரிதாக ஒரு பச்சை இலையும் வரைந்துவிட்டார்கள். கொட்டகைக்குப் போக வேண்டுமானால் முன் கேட்டில் வெளியேறி, சாலையைச் சுற்றி, லாரி நிற்கும் சந்துக்குள் நுழைய வேண்டும். அங்கே ஒரு புது வாட்ச்மேன். "யாரைப் பாக்கணும்? நீங்க எந்தக் கம்பெனி?" என்றான்.

என் புருஷனைப் பார்க்க வேண்டும் என்றேன். பதிவேட்டை நீட்டினான். பெயர், நேரம், காரணம், கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் 'சோறு' என்று எழுதினேன்.

என்ன கூத்து இது என்று பின்னால் எனக்கே மறந்துபோகலாம், அதனால் எழுதி வைக்கிறேன். எங்கள் மில்லில் துண்டுக்குச் சாயம் போட்டு, உலர்த்தி, மடித்து, கப்பலேற்றுகிறோம். சாயத்தொட்டிக்கும் உலர்த்திக்கும் நீராவி வேண்டும், நீராவிக்கு நிலக்கரி வேண்டும். வாங்குகிறவர்கள் இந்த வருடம் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் வளாகத்துக்குள் எவ்வளவு எரிபொருள் எரிகிறது, எவ்வளவு புகை போகிறது, எழுதிக் கொடு; குறைக்காவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். அந்தத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். குறைப்பதற்கு மானேஜர் கண்டுபிடித்த வழிதான் இந்தச் சுவர். கொட்டகை இனிமேல் வேறு கம்பெனி. அதன் முதலாளி மானேஜரின் மைத்துனர். நேற்றுவரை செல்போன் கடை வைத்திருந்தவர். அவரிடம் நாங்கள் நீராவி வாங்குகிறோம். எங்கள் வளாகத்துக்குள் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை.

புகைபோக்கி அதே இடத்தில்தான் நிற்கிறது. கொடியில் காயும் என் புடவையில் விழும் கரியும் அதேதான்.

அவரிடம் குமுறினேன். "யாரு சம்பளம் குடுத்தா என்ன, நெருப்பு ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். இந்த மனுஷனுக்குக் கோபம் வருவதற்குள் நான் கிழவி ஆகிவிடுவேன்.


மார்ச் 11, செவ்வாய்

அவர் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று துருவித் துருவிக் கேட்டதில் ஒரு வரி வந்தது. "தண்ணி சில்லுனு வருது."

பாய்லருக்குள் போகிற தண்ணீரைச் சொல்கிறார். நீராவி தொட்டிகளைச் சூடாக்கிவிட்டு மறுபடியும் தண்ணீராக மாறும். நல்ல சுத்தமான கொதிநீர். அது ரிட்டர்ன் லைன் என்கிற குழாய் வழியாகத் திரும்பிக் கொட்டகைக்கே வரும். ஏற்கெனவே கொதித்த தண்ணீர் என்பதால் கொஞ்சம் நெருப்புக் காட்டினால் போதும். சுவர் கட்டியபோது நீராவிக் குழாய்க்கு மட்டும் ஓட்டை விட்டிருக்கிறார்கள். ரிட்டர்ன் லைனை அறுத்து, எங்கள் பக்கச் சாக்கடையில் திருப்பிவிட்டார்கள். இப்போது அவர் பாய்லருக்குப் போவது போர்வெல்லிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர்.

மைத்துனரிடம் சொன்னாராம். "சில்லுனு வந்தா என்னய்யா? கொதிக்க வெக்கத்தானே உன்னை வெச்சிருக்கு" என்று பதில் வந்ததாம்.

சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன், எவ்வளவு நிலக்கரி போகிறது? முன்பு தினம் இருபது டன். இப்போது இருபத்துமூன்று.

அதாவது, புகையைக் குறைக்கச் சுவர் கட்டி, புகையைக் கூட்டியிருக்கிறார்கள். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது?


மார்ச் 15, சனி

சாக்கடையில் ஆவி பறக்கிறது. பின்தெருப் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள், துணி துவைக்க. என் நாத்தனாரும் நின்றாள். அவளுக்கு எங்கள் மில்லில் பேக்கிங்கில் வேலை. "ஓசி வெந்நீர் அண்ணி, நீங்களும் ஒரு வாளி எடுத்துக்குங்க" என்றாள்.

ஓசியா? மூன்று டன் நிலக்கரி எரிந்த வெந்நீர் அது. சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. சொல்லவில்லை. ஒரு வாளி எடுத்துக்கொண்டும் வந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.


மார்ச் 24, திங்கள்

மாதத் தாளில் எரிபொருள் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கை கூசியது. ஆனாலும் போட்டேன்.


ஏப்ரல் 2, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி, கேக் வெட்டினார்கள். இனி ஒவ்வொரு துண்டிலும் ஒரு பச்சை அட்டை தொங்கும்: 'நிலக்கரி எரிக்காத ஆலையில் தயாரானது.' மானேஜர் பேசினார். நாமெல்லாம் அடுத்த தலைமுறைக்காக உழைக்கிறோமாம்.

சாயமாஸ்டர் என் காதருகில் வந்தார். "அவங்க ஊர்ல இருந்த மில்லையெல்லாம் மூடிட்டு நம்மகிட்ட வாங்கறாங்க, அவங்க ஊரு சுத்தம். நாம மைத்துனர்கிட்ட வாங்கறோம், நாமளும் சுத்தம். மைத்துனர் பாவம், அவருக்கு ஒரு மச்சான் கிடைச்சா அவரும் சுத்தமாயிடுவாரு."

கேக் தொண்டையில் சிக்கும்படி சிரித்தேன்.


ஏப்ரல் 8, செவ்வாய்

திருடன் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரை. என் வீட்டுக்காரரை. பத்தொன்பது வருஷம் பாய்லர் முன்னால நின்னு முகமெல்லாம் வெந்துபோன மனுஷனை. நிலக்கரி மாசம் எண்பது தொண்ணூறு டன் அதிகமாகப் போகிறதாம், நீராவி மட்டும் பழைய அளவுதானாம், அப்படியென்றால் மீதி எங்கே என்று கேட்டாராம் மைத்துனர். வெளியில் ஏற்றிவிட்டாயா என்று. எல்லார் முன்னாலும். பாய்லரின் தினக்கணக்கு எழுதும் லாக் புத்தகத்தில், இன்றைய தேதிப் பக்கத்தில் 'நிலக்கரி திருட்டு, பாய்லர்காரர் நிறுத்தி வைக்கப்பட்டார்' என்று சிவப்பு மையில் எழுதியும் விட்டாராம். அந்தப் புத்தகத்தைத்தான் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அந்த ஒரு வரி போதும், இவருடைய லைசென்ஸ் போய்விடும். பிறகு எந்த ஊரில் எந்த பாய்லர் பக்கம் இவரை விடுவார்கள்?

பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் அப்படியே மேடையில் வைத்தார். "நான் எடுக்கலைன்னு உனக்குத் தெரியும்ல" என்று கேட்டார்.

என்கிட்டயா கேக்கறது? என்கிட்டயா?

மேலே எழுத முடியவில்லை.


ஏப்ரல் 9, புதன்

மானேஜர் அறைக்குள் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அதிகமாகப் போகும் நிலக்கரி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் சாக்கடையில்தான் ஓடுகிறது, உங்கள் மைத்துனரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

தெரியாதவர் போல நடிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்தத் தண்ணி திரும்பிப் போச்சுன்னா ரெண்டும் ஒரே கம்பெனின்னு ஆயிடும்மா. அப்புறம் சான்றிதழ் ஏது, ஆர்டர் ஏது? நானூறு பேரு இருக்காங்க. உன் வீட்டுக்காரருக்கு வேற எங்கயாவது நானே சொல்லி வெக்கறேன், கொஞ்ச நாள் பொறு."

லாக் புத்தகத்தில் திருடன் என்று எழுதின பிறகு வேறு எங்கே? இதைக் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

மைத்துனருக்காவது விவரம் தெரியாது. தெரியாமல் செய்கிறவன் முட்டாள். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே, இவரை என்னவென்று சொல்வது? பன்னிரண்டு வருடம் இவருக்கு வணக்கம் வைத்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.


ஏப்ரல் 14, திங்கள்

வீட்டில் ஒழுகிய குழாய் மூன்றையும் சரிசெய்துவிட்டார். கதவுக் கீலுக்கு எண்ணெய். மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினார். விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, எங்கள் எல்லோரையும் குளிக்கச் சொல்கிறார். மகள் "அப்பா, லீவு விடுங்கப்பா" என்கிறாள்.

போய்ச் சண்டை போடுங்கள் என்றேன். "சண்டை போட்டா தண்ணி சூடாயிடுமா?" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வீசினேன். அதன் பிடி கழன்றது. அதையும் எடுத்து வைத்துச் சரிசெய்கிறார்.


ஏப்ரல் 21, திங்கள்

இன்று கொஞ்சம் உயிர் வந்தது.

லாரி எடை மேடை மட்டும் இரண்டு கம்பெனிக்கும் ஒன்றுதான். இன்னொன்று கட்ட இடமில்லாததால் அதற்கு நடுவே சுவர் வரவில்லை. எடை போடுகிறவர் எனக்குப் பழக்கம். புது பாய்லர்காரர் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறதே, தினம் எவ்வளவு நிலக்கரி இறங்குகிறது என்று கேட்டேன். சீட்டுகளைப் புரட்டினார். இருபத்துமூன்று, இருபத்துமூன்றரை, இருபத்துமூன்று. இவர் வீட்டில் கரண்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார், நிலக்கரி அதே கணக்கில் எரிகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓடினேன் மைத்துனரிடம். பதிவேட்டில் காரணம் 'நியாயம்' என்று எழுதிவிட்டுப் போனேன். சீட்டுகளைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார், "அப்ப இவனும் திருடறான்."

கடவுளே.


ஏப்ரல் 22, செவ்வாய்

நாத்தனார் வந்திருந்தாள். மே ஆறாம் தேதி வாங்குகிறவர்களின் ஆள் வருகிறாராம், வருடத் தாளில் அவர் முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், பேக்கிங்கில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்களாம். "அண்ணி, ஏதாவது எக்குத்தப்பாப் பண்ணிடாதீங்க. ஆர்டர் போச்சுன்னா நான் ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"உங்க அண்ணனைத் திருடன்னு சொல்லியிருக்காங்க."

"அண்ணன் திருடலைன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். போதாதா?"

போதாது என்று கத்தினேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அவள் சொல்வது தப்பில்லை, அதனால்தான் இத்தனை கோபம் வருகிறது. அவளையும் என்னையும் மோதவிட்டுவிட்டு மானேஜர் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்.


மே 5, திங்கள்

நாளைக்கு. என்ன செய்வது? பூஜ்யம் போட்டால் அவர் திருடன். பூஜ்யம் போடாவிட்டால் நாத்தனார் தெருவில்.

"உனக்கு எது சரின்னு படுதோ" என்கிறார். இது ஒரு பதிலா?


மே 6, செவ்வாய்

வந்தவர் ஒரு பெண். என் வயதிருக்கும். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். மானேஜர் சுவரில் இருக்கும் இலையைக் காட்டினார், படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் தாள் என் முன்னால் வந்தது.

எரிபொருள் கட்டத்தில் வழக்கமாகக் கேட்பதுதான் இருந்தது: வளாகத்துக்குள் எரிந்தது. பூஜ்யம் எழுதினேன். அவர்கள் கேட்ட கேள்விக்கு அது உண்மைதான். அதற்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம், யாருமே எழுதாதது. அதில் எழுதினேன். 'சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் இருபத்துமூன்று டன் நிலக்கரி எரிகிறது. சுவர் கட்டும் முன் இருபது டன். அதிகமான மூன்று டன், திரும்ப வேண்டிய கொதிநீரைச் சாக்கடையில் விடுவதால். பாய்லர்காரர் திருடவில்லை.' கையெழுத்தை அந்தக் குறிப்புக்குக் கீழே போட்டேன்.

மானேஜர் முகம் செத்துவிட்டது. வீட்டுப் பிரச்சினை, மனசு சரியில்லாத பெண் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் அந்த அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கடையோரம் நிறுத்தினேன். பின்தெருப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். அந்த அம்மா குழாய் வாயருகே கையை நீட்டிப் பார்த்தார், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

குழாய் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார், "எங்க படிவத்துல வளாகத்துக்குள்ள எரியறதை மட்டும்தான் கேக்கறோம். வாங்கற நீராவிக்குக் கட்டம் இல்ல."

"உங்க துண்டெல்லாம் எந்த நெருப்புல காயுதும்மா? கேளுங்க சார்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.


மே 7, புதன்

பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். என் நாற்காலியில் மானேஜரின் அக்கா மகள்.

நாத்தனாருக்குப் பக்கத்து மேஜை. காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. மதியம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நாள் முழுக்கத் துண்டில் பச்சை அட்டை கட்டினேன். நிலக்கரி எரிக்காத ஆலை, நிலக்கரி எரிக்காத ஆலை, நிலக்கரி எரிக்காத ஆலை. ஆயிரத்து இருநூறு.


மே 20, செவ்வாய்

ஆர்டர் போகவில்லை. சான்றிதழும் போகவில்லை. என் குறிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் கடிதம் வந்திருக்கிறது, சாயமாஸ்டர் படித்துவிட்டு வந்து சொன்னார். 'சுத்தமான தண்ணீர் வீணாக வெளியேறுவதை நேரில் கண்டோம். முப்பது நாளில் நிறுத்தவும்.'

நிலக்கரிக்குக் கட்டம் இல்லை. தண்ணீருக்கு இருக்கிறது. அந்த அம்மா கையைச் சுட்டுக்கொண்டு போய், தன்னிடம் இருந்த ஒரே கட்டத்தில் எழுதியிருக்கிறார். நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. மாலைவரை இரண்டையும் செய்தேன்.


ஜூன் 3, செவ்வாய்

சுவரில் இரண்டாவது ஓட்டை. பச்சை இலையின் நடுநரம்பு வழியாக ரிட்டர்ன் லைன் மறுபடியும் போகிறது. வெல்டர் ஒரே காலையில் முடித்துவிட்டார். மூன்று மாதக் கூத்து, இரண்டு முழங்கைக் குழாய், ஆறடி இரும்பு. இரண்டும் ஒரே கம்பெனி ஆகிவிடுமே என்று பயந்தாரே மானேஜர், ஒன்றும் ஆகவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை.

பின்தெருப் பெண்கள் என்னைத் திட்டுகிறார்கள். வெந்நீர் போச்சு.


ஜூன் 6, வெள்ளி

எடை மேடைச் சீட்டு: இருபது, இருபது, பத்தொன்பதே முக்கால்.

மைத்துனர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், "நான் மிரட்டின மிரட்டுல புது ஆளு திருந்திட்டான்" என்று. இதைக் கேட்ட புது ஆள், கையுறையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்திருக்கிறார். "தண்ணி சில்லுனு வந்தா திருடன், சூடா வந்தா நல்லவனா? முன்னாடி இருந்தவரு என்ன சொன்னாருன்னு இப்பவாவது யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும்.


ஜூன் 9, திங்கள்

மைத்துனர் வீட்டுக்கே வந்தார். லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்க முடியாது, இரண்டு நாளாக மில்லே நிற்கிறது. நடந்ததை மறந்துவிட்டு வந்துவிடுங்கள் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. "லாக் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க" என்றார்.

"அது எதுக்கு இப்ப?"

"ஏப்ரல் எட்டு. அந்தப் பக்கம்."

புத்தகம் வந்தது. சிவப்பு வரிக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, மைத்துனர் எழுதினார். மேலே உள்ளது தவறு. திருட்டு இல்லை. ரிட்டர்ன் லைன் துண்டிக்கப்பட்டதால் நிலக்கரி கூடுதலாக எரிந்தது. தேதி, கையெழுத்து. 'துண்டிக்கப்பட்டதால்' என்பதற்குப் பதில் 'இல்லாததால்' என்று போடலாமா என்று கேட்டார் மைத்துனர். "துண்டிக்கப்பட்டதால்" என்றார் இவர். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இத்தனை நாள் இந்தக் கோபத்தை எங்கே வைத்திருந்தார் இந்த மனுஷன்?

எழுதி முடித்ததும் எழுந்து போய்க் குளித்தார். வேலைக்குக் கிளம்பினார்.


ஜூன் 12, வியாழன்

இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்று கொட்டகையில் சேர்ந்து சாப்பிட்டோம். சுவர் அப்படியேதான் இருக்கிறது, சுற்றித்தான் போனேன். போன மாதத் தாளில் அக்கா மகள் பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டாளாம். நேற்று நான் கட்டிய அட்டை ஆயிரத்து நூறு.

சாப்பிட்டுவிட்டு, லாக் புத்தகத்தில் நேற்றைய அளவைப் பார்த்தேன். திரும்பும்போது வாட்ச்மேன் பதிவேட்டை நீட்டினான், உள்ளே போகும்போது அவசரத்தில் எழுதாமல் போய்விட்டேன். பெயர் எழுதினேன், நேரம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'நேற்று இங்கே எரிந்த நிலக்கரி இருபது டன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாட்ச்மேன் படித்துப் பார்த்தான். "அக்கா, இது காரணமா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் பதிவேட்டை மூடி வைத்தான். நாளைக்கும் சாப்பிடப் போவேன்.